பத்துக் கேடயம், மூன்று கவண்

ஒரு மனிதருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. நாலாம் நாள் அவர் இறந்துவிட்டார். எங்கிருந்து ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எனக்கு எழுபத்து நாலு வயது. சரித்திரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் முப்பத்தாறு வருடம் கழித்தவன். மாதுங்காவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி. மனைவி காலமாகி வெகு நாளாகிறது. ஐந்து வருடங்களுக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் செம்பூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் படுத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு ஊசி குத்தினால் மூன்று மணிக்கு எடுப்பார்கள்.

ஆரோக்கியமானவனின் உடம்பு ஓயாமல் செய்கிற வேலையை அந்த இயந்திரம் வாரத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறது. ஒரு நாள் தவறினால் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோகலாம். அங்கே படுத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே தவறவிடுவார்கள். மச்சினன் வீட்டு விசேஷம், ஊரில் ஒரு சாவு, மழையில் ரயில் நின்றுவிட்டது என்று காரணம் இருக்கும். பெரும்பாலும் தப்பித்தும் விடுவார்கள். அதனால்தான் மறுபடியும் தவறவிடுகிறார்கள்.

நான் செய்தி சொல்லாத அந்த மனிதர் என் வலப்பக்கத்துப் படுக்கைக்காரர். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, திருநெல்வேலிக்குத் தெற்கே பூர்வீகம். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். மூன்று வருடமும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். எனக்கு இடக்கையில் ஊசி. அவருக்கு வலக்கையில். ஊசி ஏறிய கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது. ஆகவே என்னுடைய வலக்கையும் அவருடைய இடக்கையும்தான் சும்மா இருந்தன, அவை இரண்டும் இரு கட்டில்களுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நேரத்தைக் கொல்ல நான் ஒரு டேப் வாங்கி அதில் ஒரு விளையாட்டை ஏற்றிவைத்திருந்தேன். பழைய கிரேக்க நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, படை கட்டி, மற்ற நகரங்களோடு மோத வேண்டும். கல்லூரியில் படித்தவை எல்லாம் எழுந்து நடமாடுவதைப் போல இருந்தது. பாய் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இது என்ன சார், பசங்க ஆடுத கேமா?"

"சரித்திரம் பாய். ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது."

"அப்போ யாரு ஜெயிச்சான்னு உங்களுக்குத் தெரியும்லா? பிறகு என்னத்துக்கு ஆடுதிய?"

சக்கரம் வைத்த சாப்பாட்டு மேஜையை நடுவில் தள்ளச் சொல்லி, டேப்பை அதன்மேல் சாய்த்து வைத்தேன். அன்றிலிருந்து அது இரண்டு பேர் விளையாட்டாயிற்று.

ஒரு படையில் இருபது அணிகளுக்குத்தான் இடம். நான் முதலில் பதினாறு இடங்களை ஹாப்லைட்டுகளால் நிரப்பியிருந்தேன். பெரிய வட்டக் கேடயமும் நீண்ட ஈட்டியும் உள்ள கனத்த காலாள் அவன். சொந்தச் செலவில் ஆயுதம் வாங்க வசதியுள்ள குடிமகன். தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றால் எதிரே வருபவனால் உடைக்க முடியாது. பக்கவாட்டிலும் முதுகிலும்தான் அவனுக்கு ஆபத்து. ஓட மாட்டான், திரும்பவும் நேரம் பிடிக்கும். எதிரியின் குதிரைவீரர்கள் சுற்றிவந்து பின்னாலிருந்து ஈட்டி எறிந்தால் நின்ற இடத்திலேயே சாவான். எனக்கு அவர்களை அப்படிச் சாகக் கொடுப்பதும் கௌரவமாகத்தான் தோன்றியது.

"எல்லாரும் கதவு மாதிரி நின்னா வெளிய போயிட்டு வாரது யாரு சார்?" என்றார் பாய். பிறகு ஒரு ஹாப்லைட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேடயத்துக்கு உள்வாரு தச்சிருக்கான் பாருங்க, ஒத்தத் தையல். ரெண்டு நாள்ல பிஞ்சிரும். என் பட்டறையா இருந்தா அடிதான்."

படையை அவர்தான் சரிக்கட்டினார் என்று சொல்ல வேண்டும். பெயர்களை நான் சொன்னேன், எதற்கு எது துணை என்பதை அவர் கண்டுபிடித்தார். நாலைந்து மாதம் தோற்றுத் தோற்று ஒரு கணக்கில் வந்து நின்றோம். நடுவில் பத்து அணி கேடயக்காரர்கள். அவர்களுக்கு இரண்டு ஓரமும் காவலாக எறியீட்டிக்காரர்கள் மூன்று. எதிரி நெருங்கும்வரை அவனைக் கல்லால் அடித்துக் கலைக்கக் கவண்காரர்கள் மூன்று. எதிரி நம் கேடயங்களில் முட்டிச் சிக்கிக்கொண்ட பிறகு பின்னாலிருந்து இடிக்கக் குதிரை மூன்று. ஒரு தளபதி. கேடயம் பிடித்து நிறுத்த வேண்டும், குதிரை அடிக்க வேண்டும், இடையிலுள்ள ஓட்டைகளை லேசான ஆட்கள் அடைக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் மற்றது நிற்காது.

கேடயங்களையும் தளபதியையும் என் வலக்கை நகர்த்தும். மற்றதெல்லாம் அவர் இடக்கை. இடக்கைப் பழக்கம் இல்லாதவர், ஆனாலும் மிஷினில் தோல் நகர்த்திய விரல்கள், தப்பாது. கவண்காரர்களை "நம்ம பட்டறைப் பயலுவ" என்பார். அவர்களிடம் கேடயம் கிடையாது, மேலே ஒரு துணி, தோளில் கல்பை. ஒவ்வொரு சண்டையிலும் பிழைத்த அணிக்கு அனுபவக் கோடு ஒன்று விழும். அவருடைய மூன்று கவண் அணிகளும் ஒரு வருடத்துக்கு மேல் பிழைத்து, கோடுகள் நிறைந்து, படையிலேயே குறி தப்பாதவர்களாகியிருந்தார்கள். கடைக்கு வந்தவரிடம் பட்டறை ஆட்களைக் காட்டுவதைப் போல அவர்களை நர்ஸ்களிடம் காட்டுவார்.

அவருடைய கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை கோவண்டி. ஹால் கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை அவர் எனக்குப் பத்திரிகை கொடுத்தார். வலக்கையில் இரண்டு ஊசிகள். இடக்கையால்தான் நீட்ட முடிந்தது.

"வீட்டுக்கு வந்து வைக்கணும் சார், உங்க மாடிப்படி ஏற எனக்கு மூச்சு கிடையாது. இடக்கையால கொடுக்கேன், தப்பா எடுக்காதிய. உங்களுக்கு வெஜ் தனியாச் சொல்லிருக்கேன். ஆனா நீங்க அன்னிக்கு இங்கலா படுத்திருப்பிய?"

"நீங்களும்தானே படுத்திருக்கணும்?"

"நான் புதன்கிழமை வந்திருதேன் சார். பொண்ணுக்கு வாப்பா நான் உக்காரணும்லா."

வெள்ளிக்குப் பிறகு புதன். நடுவில் நாலு முழு நாட்கள், அதில் ஒரு நாள் கல்யாணச் சாப்பாடு. எங்கள் இருவருக்கும் அது என்ன என்று தெரியும். அவர் டேப்பை இழுத்துக்கொண்டார், நான் விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய சண்டை வந்தது. ஒரு கணவாயில் மாட்டிக்கொண்டோம். எதிரே இரண்டு படைகள், எங்களிடம் ஒன்று. நான் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து யோசித்தேன். பின்வாங்கினால் கேடயங்களைக் காப்பாற்றலாம், ஆனால் அவை மெதுவாக நடப்பவை. யாராவது எதிரியைப் பிடித்துவைத்திருந்தால்தான் முடியும். பாயிடம் சொன்னேன்: "உங்க கவண்காரங்களை முன்னால அந்த மேட்டுல நிறுத்துங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்." அவர் நிறுத்தினார். எதிரி அவர்கள்மேல் பாய்ந்ததும் நான் பத்துக் கேடயங்களையும் திருப்பிக் கணவாயைவிட்டு வெளியே நடத்திப் போய்விட்டேன். அவர் இடக்கையால் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கவண் அணிகளின் மூன்று கொடிகளும் வெள்ளையாக மாறி, பிறகு அணைந்தன.

படை பிழைத்தது. சரியான முடிவுதான் என்று இப்போதும் என்னால் வாதாட முடியும். ஆனால் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அவர் திரையிலிருந்து கையை எடுத்தார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இது ஆபீசர் படைலா! கேடயம் வச்சிருக்கவன் வீட்டுக்குப் போவான், கல்லெறியுதவன் அங்கயே கெடப்பான். ஒரு வார்த்த சொல்லிருந்தா அவனுவளும் ஓடிருப்பானுவளே சார்?"

எதிர்க் கட்டில்காரர் சிரித்தார். பாயை சாச்சா என்று கூப்பிடும் டெக்னீஷியன் பெண்ணும் சிரித்தாள். "அங்கிள், சாச்சாவோட ஆளுங்கள மர்வா தியா, சாகக் குடுத்துட்டீங்களா?" என்றாள். பாயும் சிரித்துவிட்டார். அவருக்கு அதோடு முடிந்துபோயிற்று. எனக்கு முடியவில்லை. நாற்பது பேருக்கு மேல் அதிகாரம் செய்து ரிட்டயரானவன், படித்தவன், நான் வாங்கிய டேப்பில் என்னைப் பார்த்து ஒரு பட்டறைக்காரர் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று காது சூடாயிற்று. இந்த வாக்கியத்தை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கமாக இல்லை.

அவருக்கு அன்று சீக்கிரம் முடிந்தது. கல்யாண வேலை. ஊசிக் குழியில் பஞ்சை அழுத்திக்கொண்டு "வாறேன் சார்" என்று போனார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஊசி எடுக்கும்போது அந்த டெக்னீஷியன் பெண் சொன்னாள். தேவ்நார்த் தமிழ்ப் பெண் அவள். "அங்கிள், செவ்வாக்கிழமை காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல ஒரு சீட் காலி. அந்த பேஷன்ட் ஊருக்குப் போறாரு. சாச்சாக்கு இப்பதான் ரெண்டு தடவ போன் பண்ணேன், லக்தா நஹி, லைன் கெடைக்கல. நீங்க அவருக்கு தோஸ்த்தான? சொல்லிடுங்க. செவ்வாக்கிழமை ஆறரைக்கு வந்துட்டாருன்னா டென்ஷன் இல்ல. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள எனக்குத் தெரியணும், இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

சரி என்றேன்.

அன்று மாலை போனை எடுத்தேன், வைத்தேன். அவரே கூப்பிடட்டும் என்று நினைத்தேன். எதற்காக அவர் கூப்பிட வேண்டும்? அவருக்கு ஒன்றும் தெரியாதே. சனிக்கிழமை காலை குளித்து, காபியை அளந்து அரை டம்ளர் குடித்து, பேப்பர் படித்தேன். கல்யாணப் பத்திரிகை மேஜைமேல் இருந்தது. இடக்கையால் கொடுத்த பத்திரிகைதானே என்றுகூட அப்போது நினைத்தேன். அது எந்தக் கை, ஏன் அந்தக் கை என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒன்றரை மணிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. சாச்சாவிடம் பேசினீர்களா என்று கேட்டிருந்தாள். நான் பதில் அடித்தேன்: "அவர் புதன்கிழமையே வருகிறாராம்."

அவர் அப்படிச் சொன்னது உண்மை. சீட் இருக்கும் விஷயம் தெரியாதபோது, மூன்று நாள் முன்னால், பத்திரிகை கொடுத்தபோது சொன்னது. முப்பத்தாறு வருட ஆபீஸ் வாழ்க்கையில் இப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும், மொத்தமும் பொய்யாக இருக்கும்.

திங்கட்கிழமை பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. ஒன்றரை மணி வாக்கில் அவரிடமிருந்து வீடியோ கால். ஹாலின் இரைச்சல். புதுச் சட்டை, தொப்பி. முகம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே நீர் தேங்கிப் பளபளப்பதை எங்களைப் போன்றவர்களால் போனிலேயே பார்க்க முடியும்.

"சார், நிக்காஹ் முடிஞ்சிட்டு! மக பொறப்படப் போறா." போனைத் திருப்பிப் பந்தியைக் காட்டினார். "ரெண்டு கிளாஸ் ஜூஸ் குடிச்சிட்டேன், சிஸ்டர்கிட்ட சொல்லிராதிய. சம்பந்தி கையில குடுக்காரு, எப்படி வேண்டாங்க?"

"போதும் பாய். நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன். சார், காலு கனமா இருக்கு. நாளைக்கு எதாவது சீட் காலி இருக்கான்னு கேட்டுச் சொல்லுவியளா? நீங்க கேட்டா அந்தப் பிள்ள தட்டாது."

அந்தப் பெண் இரண்டு கட்டில் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை சீட்டை சனிக்கிழமையே முலுண்டிலிருந்து வருகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள் என்று காலையில் எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்கால ஷிஃப்டிலேயே அவரை எங்காவது நுழைத்திருப்பாள். அவசரம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுத்துக்கொள்வார்கள், அங்கே போங்கள் என்றாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சனிக்கிழமை விஷயம் வெளியே வரும்.

"கேட்டேன் பாய், இல்லை" என்றேன்.

"சரி சார். புதன்கிழமை பாப்போம். புதுப் பயலுவள எடுக்கணும்லா, கவணுக்கு" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்யப் போனவர் குழாயடியிலேயே சரிந்தாராம். சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. புதன்கிழமை காலை சென்டருக்குப் போனபோதுதான் எனக்குத் தெரியும். டயாலிசிஸ் குழலை ஒவ்வொருவருக்கும் கழுவிப் பெயர் எழுதித் தனியாக வைத்திருப்பார்கள். அவருடையதைச் சிவப்புப் பையில் போட்டுக்கொண்டே டெக்னீஷியன் பெண் அழுதாள். "சீட் இருந்திச்சு அங்கிள். வேணாம்னுட்டாரு. ஏன் இந்த ஆளுங்க இப்படிப் பண்றாங்க?"

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. இயந்திரம் நாலு மணி நேரம் என் ரத்தத்தைச் சுத்தம் செய்தது.

வெள்ளி கழித்து சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறை சாத்தியிருந்தது. அவர் மனைவி தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்று பேசினார். "வாங்க. உங்களப் பத்திதான் பேசுவாவ. அந்தப் பெரியவரு இல்லாட்டி நாலு மணி நேரம் ஓடாதும்பாவ. கடைசில நீங்க சீட்டுக்குக் கேட்டுப் பாத்திய, கெடைக்கலன்னு சொன்னாவ. நீங்களும் என்ன செய்விய? உங்க உடம்பே இப்படி. அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தத் தரணும்."

டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

அதற்கு மேல் தாங்கவில்லை. திங்கட்கிழமை டெக்னீஷியன் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு வழக்கம்போல நரம்பைத் தொட்டுப் பார்த்து, வலிக்காமல் குத்தினாள். "ரிஜிஸ்டர்ல பேஷன்ட் வேணாம்னாருன்னு எழுதியிருக்கேன் அங்கிள்" என்றாள். "என் கையால எழுதியிருக்கேன்." அன்றிலிருந்து என் எடையைச் சொல்வதற்கும் பிரஷரைச் சொல்வதற்கும் தவிர அவள் என்னிடம் பேசுவதில்லை.

அந்த ரிஜிஸ்டர்தான் என்னை அவர் மகளிடம் அனுப்பியது. செத்த மனிதர் தானே வேண்டாம் என்றார் என்று ஒரு காகிதத்தில் இருக்கிறது. அது பொய் என்று அவர் வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். கோவண்டியில் மாமியார் வீடு. கணவன் வேலைக்குப் போயிருந்தான், மாமியார் உள்ளே இருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். கையில் மருதாணி இன்னும் முழுதாக மங்கவில்லை. நான் வெள்ளிக்கிழமை விளையாட்டிலிருந்து ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

முடித்ததும் கேட்டாள்: "கேமுக்காகவா?"

"ஆமாம்மா. கேமுக்காகத்தான்."

"வாப்பா போன்ல கேட்டாங்களே திங்கக்கிழமை. நான் பக்கத்துலதான் இருந்தேன், கார் ஏறப் போறேன். 'கேட்டேன், இல்லை'ன்னு நீங்க சொன்னீங்க. அப்போ நீங்க கேக்கவே இல்லையா?"

"கேட்கவில்லை."

உள்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். போலீசுக்கோ சென்டருக்கோ போவாள் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் இருந்தது. வீட்டுக்குள் கேட்காத குரலில் பேசினாள்.

"அங்கிள், உம்மாகிட்ட இதச் சொல்லிடாதீங்க. சொல்லி உங்க மனசு பாரம்தான் ஹல்கா ஆகும். உம்மாக்கு என்ன கெடைக்கும்? கடைசி மூணு வருஷம் வாப்பா பக்கத்துல ஒரு நல்ல மனுஷன் இருந்தாருன்னு நெனச்சிட்டு இருக்காங்க. அதுவாச்சும் இருக்கட்டும். அவங்க போன் பண்ணா எடுத்துப் பேசுங்க. எடுக்காம விட்டீங்கன்னா நான் வருவேன் உங்க வீட்டுக்கு."

எழுந்தேன். படி இறங்க அவள் கை கொடுக்கவில்லை.

அவர் மனைவி மாதம் ஒரு முறையாவது கூப்பிடுகிறார். உடம்பு எப்படி இருக்கு, தண்ணி அளந்து குடிக்கியளா, யாராவது கூட இருக்காவளா என்று கேட்பார். மகள் மாசமாயிருக்கிறாள் என்று முதலில் எனக்குத்தான் சொன்னார். பெருநாளுக்கு உப்பில்லாமல் தனியாகச் சேமியா செய்து ஆள் மூலம் அனுப்பினார். உங்களுக்காக துஆ செய்கிறேன் என்பார். நான் ஒவ்வொரு முறையும் போனை எடுக்கிறேன். நல்லா இருக்கேன்மா, உங்க புண்ணியம் என்கிறேன். அவர் வைக்கும்வரை நானாக வைப்பதில்லை.